சோப்புப் பெட்டிக்கும் பிக்காசோவுக்கும் ஒரே கண்: இர்விங் பென் நினைவாக

ஜன்னல்வெளிச்சம் எழுதியது:

இன்று அக்டோபர் 7. 2009-ல் இதே நாளில் நியூயார்க்கில் தன் வீட்டில் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் இர்விங் பென் காலமானார். 92 வயது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைப்பேன், தள்ளிப்போகும். போன வாரம் இங்கே ‘புதுப்படி’ தம்பி போட்ட கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. தை மாதம் கல்யாணம், ஒரு பாத்திரக் கம்பெனியின் கேட்டலாக் வேலை வந்திருக்கிறது, ஒத்துக்கொண்டால் கடைசியில் வெறும் குக்கர் எடுக்கிற ஆளாகவே நின்றுவிடுவேனா என்று கேட்டிருந்தார்.

நான் இருபது வருஷமாகப் பொருள்களைப் படம் எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறேன். மசாலா பாக்கெட், எண்ணெய் டின், பனியன், பம்புசெட். அதனால் எனக்கு இது சும்மா பேசிவிட்டுப் போகிற விஷயம் இல்லை.

பென் 1917 ஜூன் 16-ல் நியூஜெர்சி மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டில் பிறந்தார். அப்பா கடிகாரத் தொழிலாளி, அம்மா நர்ஸ். தம்பி ஆர்தர் பென் பின்னாளில் சினிமா இயக்குநரானார். ஃபிலடெல்ஃபியாவில் அலெக்ஸி பிரோடோவிச்சிடம் டிசைன் படித்தார். பிரோடோவிச் வேலை பார்த்த பத்திரிகைக்குச் சின்னச் சின்னப் படங்கள் வரைந்து கொடுத்து, அந்தக் காசில் ஒரு ரோலிஃப்ளெக்ஸ் கேமரா வாங்கினார். ஆனால் உள்ளுக்குள் இருந்தது ஓவியன் ஆகும் ஆசை. கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு மெக்சிகோ போய்க் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வரைந்தார். வரைந்தது தனக்கே தேறவில்லை என்று தோன்றியதும் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஊர் திரும்பினார். அப்போது வயது 25 ஒட்டி.

அப்புறம்தான் வோக் என்ற ஃபேஷன் பத்திரிகை. அங்கே கலை இயக்குநராக இருந்த அலெக்சாண்டர் லீபர்மன் அவரை அட்டைப்படங்களுக்கு யோசனை சொல்லும் வேலைக்கு எடுத்தார். இவர் வரைந்து காட்டிய யோசனைகளை அங்கிருந்த பெரிய போட்டோகிராபர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சரி, நீயே எடு என்று லீபர்மன் சொல்ல, 1943 அக்டோபர் 1 இதழின் அட்டையில் பென் எடுத்த படம் வந்தது. அட்டையில் மாடல் இல்லை. ஒரு தோல் பை, கையுறை, கழுத்துத் துணி, எலுமிச்சை இன வகைப் பழங்கள். தம்பி, பார்த்தீர்களா, அந்த மனிதர் தொடங்கியதே பொருள் படத்தில்தான். அதே பத்திரிகைக்கு 150-க்கும் மேல் அட்டைப்படங்கள் எடுத்தார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிற தொண்டராகச் சேர்ந்து இத்தாலியில் இருந்தார், பிறகு இந்தியாவுக்கும் வந்தார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஐம்பதுகளைப் பற்றி. அதற்குள் அவருக்குக் கல்யாணமாகி, 1952-ல் மகன் பிறந்திருந்தான். மனைவியின் முதல் திருமணத்தில் பிறந்த மகளும் உண்டு. அந்தச் சமயம் பார்த்து, பத்திரிகையில் அவர் படங்கள் காகிதத்தை எரிக்கிற மாதிரி இருக்கின்றன, வாசகிகள் மிரள்கிறார்கள் என்று பேச்சு வந்து, அங்கே வேலை குறைந்தது. அவர் என்ன செய்தார்? விளம்பர வேலைகளை எடுத்தார். ஜெல்லி, அழகுப் பொருள், என்ன வந்தாலும். 1953-ல் சொந்த ஸ்டூடியோ திறந்தபோது, ஒரு கேக்கைப் படம் எடுப்பதும் கலையாக முடியும் என்று சொன்னார். வாடகை கட்டிக்கொண்டு, வீட்டில் குழந்தை வைத்துக்கொண்டு இருந்த மனிதர் சொன்ன சொல் அது.

1968-லிருந்து கிளினிக் என்ற அழகுப் பொருள் நிறுவனத்துக்கு எடுத்தார். முகமே கிடையாது, பெண்ணே கிடையாது. ஒரு கண்ணாடி டம்ளரில் பல் துலக்கும் பிரஷ், பக்கத்தில் சோப்பு, பாட்டில்கள். தினம் இரண்டு வேளை என்பதுதான் செய்தி. பார்த்ததும் புரிகிறது, கண்ணை எடுக்கவும் முடியவில்லை. அந்த வேலையைப் பல வருஷங்கள் செய்தார். அதே ஆள் 1957-ல் ஓவியர் பிக்காசோவின் ஒற்றைக் கண்ணைப் படம் எடுத்தவர். இரண்டுக்கும் அவர் கொடுத்த கவனம் ஒன்றுதான் என்பது என் கட்சி. மற்றவர்கள் சொல்லுங்கள்.

இருட்டறை எழுதியது:

அண்ணா, பிளாட்டினத்தை விட்டுவிட்டீர்களே. அவர் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததே அதனால்தான்.

அறுபதுகளின் நடுவில், பத்திரிகையில் அச்சாகி வருகிற படம் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அச்சில் கருப்பு செத்துவிடும், நடுவில் உள்ள சாம்பல் படிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் அப்போதே பழையதாகி, பெரும்பாலும் யாரும் செய்யாமல் விட்டிருந்த பிளாட்டினம் பிரிண்டை எடுத்துக்கொண்டார். நாம் வழக்கமாகப் பார்க்கிற கருப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளி, ஜெலட்டினுக்குள் மிதந்துகொண்டு காகிதத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். பிளாட்டினத்தில் ஜெலட்டின் கிடையாது. பிளாட்டினம் உப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் தடவினால் காகித நாருக்குள்ளேயே இறங்கிவிடும். பளபளப்பு இல்லாமல் ஓவியம் மாதிரி இருக்கும், எளிதில் மங்காது.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கரைசல் ரொம்ப மந்தம். பெரிதாக்கும் கருவியின் வெளிச்சம் போதாது. பிரிண்ட் என்ன அளவோ அதே அளவுக்கு நெகட்டிவ் செய்து, காகிதத்தோடு ஒட்டிவைத்துப் புறஊதா வெளிச்சம் காட்ட வேண்டும். பென் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒரே காகிதத்தில் இரண்டு முறை, மூன்று முறை தடவி, வேறு வேறு நெகட்டிவ் வைத்து மறுபடி மறுபடி வெளிச்சம் காட்டினார். ஈரம் பட்டால் காகிதம் சுருங்கி விரியுமே, இரண்டாம் முறை படம் பழைய இடத்தில் உட்காராதே! அதற்காகக் காகிதத்தை முதலிலேயே அலுமினியத் தகட்டில் ஒட்டிவிட்டார். தகடு நகராது, படமும் நகராது. கடிகாரக்காரர் மகன் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது.

இதை எல்லாம் லாங் ஐலண்டில் வீட்டுப் பக்கம் இருந்த இருட்டறையில் அவரே செய்தார். 1972-ல் தெருவில் மிதிபட்டுக் கிடந்த சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கோயில் தூண் மாதிரி நிற்க வைத்து எடுத்து, பிளாட்டினத்தில் போட்டார். 1975-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் அவை தொங்கின. விளம்பரத்தில் சம்பாதித்த காசில்தான் இவ்வளவு விலை உயர்ந்த உலோகத்தை வாங்கிச் சோதித்துப் பார்க்க முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

மல்லிகா_கேமரா எழுதியது:

இரண்டு பேரும் அவர் மனைவியைப் பேர் சொல்லாமலே தாண்டிப் போய்விட்டீர்கள். அவர் பேர் லீசா ஃபான்சாக்ரீவ்ஸ். 1911-ல் சுவீடனில் பிறந்தவர், பென்னைவிட ஆறு வயது மூத்தவர். நடனம் கற்றவர். 1939-ல் ஐஃபல் கோபுரத்தின் விளிம்பில் பாவாடை காற்றில் விரிய ஒரு பெண் தொங்குகிற புகைப்படம் பார்த்திருப்பீர்கள், எர்வின் புளூமன்ஃபெல்ட் எடுத்தது. அந்தப் பெண் இவர்தான். 1949-ல் டைம் பத்திரிகை அட்டையிலேயே வந்தார். அவ்வளவு பெரிய பேர் இருந்தும் தன்னை ஒரு நல்ல துணி மாட்டும் ஹேங்கர் என்றுதான் சொல்லிக்கொண்டார்.

1947-ல் அந்தக் காலத்தின் புகழ்பெற்ற மாடல்கள் பன்னிரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்து பென் ஒரு குழுப்படம் எடுத்தார். அதில் லீசாவும் இருந்தார். பழக்கம் அங்கிருந்துதான். 1950 செப்டம்பரில் லண்டனில் கல்யாணம். அந்த வருஷம் பாரிஸில் எடுத்த படங்களை எடுத்துப் பாருங்கள். அதற்கு முன்னாலும் பென் பெண்களை அழகாக எடுத்திருக்கிறார். ஆனால் லீசாவை எடுத்ததில் வேறு ஏதோ ஒன்று இருக்கிறது. உடைதான் விற்க வேண்டிய சரக்கு, இருந்தாலும் கண் போய் நிற்பது நிற்கிற விதத்தில். ஒரு நடனக்காரிக்குத் தன் முதுகெலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும் அல்லவா, அது படத்தில் தெரியும். 1951-ல் மராகேஷில் ஒரு மாளிகைக்குள் எடுத்த படமும் அப்படித்தான்.

பிறகு லீசா சிற்பி ஆனார். 1992-ல் லீசா இறக்கும் வரை 41 வருஷம் சேர்ந்து வாழ்ந்தார்கள். புகழ்பெற்ற முகங்களையும் அழகிகளையும் தினம் பார்க்கிற தொழிலில் இருந்துகொண்டு, வம்புச் செய்தியில் அடிபடாமல், வீடு, ஸ்டூடியோ, இருட்டறை என்று ஒரு மனிதர் வாழ்ந்து முடித்திருக்கிறார். நான் கல்யாணப் படம் எடுக்கிறவள். என் கணவர் லைட் பிடிக்கிறார், கணக்கு எழுதுகிறார். அந்தப் படங்களில் யாருடைய உழைப்பு எவ்வளவு என்று எங்களாலேயே பிரிக்க முடியாது. அதனால் அவரைக் குடும்ப மனிதர் என்று புகழும்போது லீசாவையும் ஒரு கலைஞராகச் சேர்த்தே சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜன்னல்வெளிச்சம் எழுதியது:

நீங்கள் சொல்வது முழுக்கச் சரி அக்கா. நான்தான் விட்டுவிட்டேன்.

பனைமரம் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசப் போகிறேன், கோபிக்க வேண்டாம். சிகரெட் துண்டுக்கும் மனுஷனுக்கும் ஒரே கண் என்பது பெருமையா? 1967-லிருந்து டஹோமி (இன்றைய பெனின்), நேபாளம், கேமரூன், நியூகினி, மொராக்கோ என்று போய் ஒரு கூடாரத்தைப் போட்டு, அந்த ஊர் மக்களைச் சாம்பல் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார். பின்னால் வீடு இல்லை, வயல் இல்லை, ஆடு மாடு இல்லை. அவர்கள் யார், யாருக்கு என்ன உறவு, எதுவும் தெரியாது. அலங்காரமும் முகமும் மட்டும். இதுவும் வோக் பத்திரிகையின் ஃபேஷன் பக்கத்துக்குத்தானே போனது? படத்துக்குக் கீழே பிக்காசோவுக்குப் பேர் இருக்கிறது. நியூகினிக்காரருக்கு ஏன் இல்லை?

ஜன்னல்வெளிச்சம் எழுதியது:

இந்தக் கேள்வி எனக்கும் உறுத்துகிற கேள்விதான். பேர் விஷயத்தில் என்னால் அவருக்காக வாதாட முடியாது. எழுதி வைத்திருக்க வேண்டும்.

சாம்பல் துணியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். அவர் எல்லோரையும் இடத்திலிருந்து பிரித்துத்தான் எடுத்தார். 1948-ல் இரண்டு தட்டிகளைக் கூராக இணைத்து ஓர் ஒடுக்கமான மூலை செய்து, இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, குத்துச்சண்டை வீரர் ஜோ லூயி, முடி துறந்த இங்கிலாந்து மன்னரின் மனைவி விண்ட்சர் சீமாட்டி எல்லோரையும் அதற்குள் நிறுத்தினார். அவர்களுக்கும் மாளிகை இல்லை, மேடை இல்லை. அந்த மூலையில் சிலர் ஒடுங்கினார்கள், சிலர் இரண்டு சுவரையும் தள்ளிக்கொண்டு நின்றார்கள். அந்த முறையை நியூகினிக்குக் கொண்டுபோனபோது அர்த்தம் மாறிவிட்டது என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஜோ லூயியை உலகத்துக்கு ஏற்கெனவே தெரியும், அவர்களைத் தெரியாது.

பழைய_நெகட்டிவ் எழுதியது:

தம்பிகளா, எனக்கு 71 வயது. அப்பா ஸ்டூடியோவில் பத்து வயதிலிருந்து, படம் கழுவுகிற ஹைப்போ ரசாயன வாசனையில் வளர்ந்தவன். நீங்கள் யாரும் குஸ்கோவைச் சொல்லவில்லையே.

1948 டிசம்பரில் ஒரு ஃபேஷன் வேலைக்காக பென் பெரு நாட்டுக்குப் போனார். வேலை முடிந்ததும் மற்றவர்கள் திரும்ப, இவர் மட்டும் மலைமேல் குஸ்கோ நகரத்துக்குப் போனார். கிறிஸ்துமஸ் நேரம். ஊர் நடுவில் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. கல் தரை, வரைந்த திரை, பக்கத்து ஜன்னல் வழியாக வெளிச்சம். அதை உரிமையாளரிடமிருந்து வாடகைக்கு எடுத்துக்கொண்டு அவரை அனுப்பிவிட்டார். பண்டிகைக்குப் படம் எடுக்க வந்த மலைவாசிகள் உள்ளே பார்த்தால் வேறு ஆள் நிற்கிறார். காசு வாங்குவதற்குப் பதிலாகக் காசு கொடுக்கிறார்! மூன்று நாள் இப்படி. ஒரு பையனும் ஒரு பெண்ணுமாக இரண்டு குழந்தைகள் செருப்பில்லாத காலோடு ஒரு சின்ன மேஜையின் இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிற படம் அங்கே எடுத்ததுதான். பெரியவர்கள் மாதிரி முகம், குழந்தைக் கால்.

அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. பென்னை நினைத்து இல்லை. அந்த ஊர் ஸ்டூடியோக்காரரை நினைத்து. அந்தத் திரை, அந்த மேஜை, அந்த ஜன்னல் எல்லாம் அவருடையது. வெளிச்சம் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று அவர் பல வருஷம் பார்த்து மேஜையைப் போட்டிருப்பார். பென் அதைப் புரிந்துகொண்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் வாழ்நாள் முழுக்க அந்த மாதிரி ஒரு அறையைத்தான் தேடினார், கிடைக்காத ஊருக்குக் கூடாரமாகச் சுருட்டிக்கொண்டு போனார்.

1950-ல் பாரிஸில் அவருக்குக் கிடைத்ததும் அப்படி ஒரு இடம். மாடியில் ஒரு பழைய போட்டோகிராபி பள்ளி, வானத்து வெளிச்சம் மட்டும். பின்னால் மாட்ட ஒரு பழைய நாடகத் திரை. அந்தத் திரையைக் கடைசி வரை விடவில்லை, பல பத்து வருஷம் அதன் முன்னால் ஆட்களை நிறுத்தினார். எங்கள் ஸ்டூடியோவிலும் பின்திரை வரைந்து கொடுத்தவர் நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்தவர்தான். அப்பா அதை ஒருமுறைகூட மடித்ததில்லை, சுருட்டித்தான் வைப்பார். மடித்தால் பெயின்ட் வெடித்துவிடும்.

பாரிஸில் அந்த அறையில் ஃபேஷன் படம், அதற்கு நடுவே தெருத் தொழிலாளிகள். இறைச்சிக் கடைக்காரர், தீயணைப்பு வீரர், கத்தி சாணை பிடிக்கிறவர், வெள்ளரிக்காய் விற்கிறவர். அவரவர் வேலை உடுப்பு, அவரவர் கருவி. லண்டனிலும் நியூயார்க்கிலும் இதையே தொடர்ந்தார். மூன்று ஊர்க்காரர்களைப் பற்றியும் அவர் பின்னால் எழுதியிருக்கிறார். பாரிஸ்காரர்கள் இதில் ஏதோ சூது இருக்கிறது என்று சந்தேகப்பட்டு, காசுக்காக வந்தார்களாம். லண்டன்காரர்கள் வேலை உடுப்பில் படம் எடுப்பது இயல்பான காரியம்தானே என்று சரியான நேரத்துக்கு வந்து, கௌரவமாக நின்றார்களாம். அமெரிக்கர்கள் சிலர், எவ்வளவு சொல்லியும் கேட்காமல், சவரம் செய்து ஞாயிற்றுக்கிழமை கோட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்களாம்.

அந்த அமெரிக்கர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஸ்டூடியோ ஆணியிலும் ஒரு கருப்புக் கோட் தொங்கும். பக்கத்தில் கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா. களை வெட்டிவிட்டு வந்தவர் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்வார் பாருங்கள், அந்த நிமிர்வைத்தான் அப்பா எடுத்தார். பென் கோட்டைக் கழற்றச் சொன்னார், அப்பா மாட்டிவிட்டார். இரண்டிலும் மரியாதை உண்டு என்று நினைக்கிறேன்.

2009 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இந்தத் தொழிலாளிகள் படங்களுக்குப் பெரிய கண்காட்சி திறந்தார்கள். அது நடந்துகொண்டிருந்தபோதே அவர் காலமாகிவிட்டார். சுவரில் அந்தச் சாணைக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

பனைமரம் எழுதியது:

ஐயா, குஸ்கோ ஸ்டூடியோக்காரரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு அந்தப் படத்தை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். இத்தனை நாள் முகங்களை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், திரையை இப்போதுதான் பார்க்கிறேன். என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நன்றி.

புதுப்படி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னால் இவ்வளவு நேரம் பேசுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. இரவு முழுக்க அவர் படங்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். 1977-ல் உறைந்த காய்கறிகளைச் செங்கல் மாதிரி அடுக்கி எடுத்திருக்கிறாரே, அதில் பீன்ஸ் மேல் பனித்தூள் பூத்திருப்பதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ அவசரப்படுத்தி எடுத்த படம் இல்லை அது.

எனக்கு ஒரு சந்தேகம். மெக்சிகோவில் ஓவியத்தை விட்டுவிட்டு வந்தாரே, அந்த வருத்தம் அவருக்குக் கடைசி வரை இருந்திருக்குமா?

இருட்டறை எழுதியது:

எண்பதுகளின் நடுவில், எழுபது வயதை நெருங்கும்போது, மறுபடி வரையத் தொடங்கினார் தம்பி. தன் புகைப்படங்களின் கோட்டை பிளாட்டினத்தில் லேசாக அச்சிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டிய படங்கள்கூட உண்டு. அதே நேரத்தில் ஜப்பானிய உடை வடிவமைப்பாளர் இசே மியாகேவின் உடைகளையும் வருஷாவருஷம் எடுத்துக்கொண்டிருந்தார். எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

மல்லிகா_கேமரா எழுதியது:

தம்பி, அந்தக் கேட்டலாக் வேலை என்ன ஆயிற்று? ஒத்துக்கொண்டீர்களா? வீட்டில் பெண் என்ன சொல்கிறார்?

புதுப்படி எழுதியது:

அக்கா, ஒத்துக்கொண்டேன். அவங்களும் எடுங்க என்றுதான் சொன்னாங்க, திங்கட்கிழமை உதவிக்கு வருவதாகவும் சொல்லியிருக்காங்க. 34 உருப்படி. முக்கால்வாசி எவர்சில்வர். நேற்று ஒரு குக்கரை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். என் முகம், கேமரா, ஜன்னல் கம்பி எல்லாம் அதில் தெரிகிறது. வெளிச்சத்தை மென்மையாக்குகிற சாஃப்ட்பாக்ஸ் இரண்டு வைத்தும் போகவில்லை. என்ன செய்வது?

ஜன்னல்வெளிச்சம் எழுதியது:

எவர்சில்வரை எடுக்கும்போது நீங்கள் பாத்திரத்தை எடுக்கவில்லை, அதில் விழுகிற பிம்பத்தை எடுக்கிறீர்கள். அதனால் சுற்றிலும் வெள்ளையாக்குங்கள். இரண்டு பக்கமும் மேலேயும் பட்டர் பேப்பரைப் பெரிதாகத் தொங்கவிட்டு, லைட்டை அதற்கு வெளியே தள்ளி வையுங்கள். முன்பக்கம் வெள்ளை அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு அது வழியாக எடுங்கள். அவ்வளவும் செய்தால் முகம் போய்விடும், ஆனால் குக்கர் மாவு மாதிரி வெளிறித் தட்டையாகிவிடும். அப்போது இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்புச் சார்ட்டை நறுக்கி, படத்துக்குள் வராமல், பாத்திரத்தின் இரண்டு ஓரத்துக்கும் பக்கத்தில் நிறுத்துங்கள். விளிம்பு கோடு போட்ட மாதிரி எழுந்து வரும். அந்தச் சார்ட்டை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்திப் பார்க்க நேரம் ஒதுக்குங்கள். எடுப்பதற்கு முன் ஒருமுறை துடைத்துவிட்டு, அதற்கப்புறம் வெறும் கையால் தொடாதீர்கள்.

முதல் குக்கரை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.